ஆங்கிலம் கற்பித்தலில் இலக்கியமும் பண்பாடும்

கதை, கவிதை, நாடகம் வழியாக ஆங்கிலத்தையும் அதைப் புழங்கும் மக்களின் வாழ்க்கையையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்போருக்கானது.

வரலாறு: இலக்கண–மொழிபெயர்ப்பு முறையில் இலக்கியமே முதன்மைப் பாடமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேச்சுப் பயிற்சி மேலோங்கியபோது அது ஓரங்கட்டப்பட்டு, 1980களில் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் லாங்கும் 1991இல் பண்பாடு, மொழி, ஆளுமை வளர்ச்சி என இதற்கு மூன்று அணுகுமுறைகளை வகுத்தனர். பண்பாடுகளுக்கிடையே உரையாடும் திறனை எவ்வாறு கற்பித்து மதிப்பிடுவது என்பதை மைக்கேல் பைரம் 1997இல் விரிவாக விளக்கினார்.

வகுப்பறையில்: படிக்கும் முன், படிக்கும்போது, படித்த பின் என மூன்று கட்டங்களாகப் பாடம் அமையும். எடுத்துக்காட்டாக, நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) நாவலில், வீட்டுக்கு வந்தவரைக் கோலாக் கொட்டை கொடுத்து உபசரிக்கும் காட்சி வருகிறது. முதலில் மாணவர்கள் தம் ஊர் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு, கொட்டையை யார் உடைப்பது என்று வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பணிவான சொற்களைக் கவனிப்பார்கள். இறுதியில் அதையே நடித்துப் பார்ப்பார்கள். மரியாதையைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்கள் இப்படிச் சூழலோடு மனத்தில் பதிகின்றன.

கவனிக்க வேண்டியவை: மாணவரின் மொழித்திறனுக்கு மிஞ்சிய படைப்பு சலிப்பைத் தரும், தொடக்க நிலையினருக்குத் தரப்படுத்திச் சுருக்கிய நூல்கள் ஏற்றவை. ஒரு நாவலை வைத்து ஒரு சமூகத்தையே எடைபோடக் கூடாது. பிரிட்டன், அமெரிக்காவோடு நில்லாமல் ஆப்பிரிக்க, கரீபிய, இந்திய ஆங்கிலப் படைப்புகளுக்கும் பாடத்திட்டம் இடமளிக்க வேண்டும்.