ஒரே நேரத் தேர்தலும் காவிரிப் படுகையின் வாக்கும்

மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் ஒரே காலத்தில் வாக்கெடுப்பு நடத்துவதை ஒரே நேரத் தேர்தல் என்கிறோம். 1951–52 முதல் 1967 வரை நான்கு பொதுத்தேர்தல்கள் பெரும்பாலும் இவ்வாறே நடந்தன. சில சட்டமன்றங்கள் இடையிலேயே கலைந்ததாலும், 1970 இறுதியில் மக்களவை முன்கூட்டியே கலைக்கப்பட்டதாலும் அம்முறை குலைந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் 1971, 1984, 1991, 1996 ஆகிய ஆண்டுகளில் இரு தேர்தல்களும் சேர்ந்தே வந்தன.

இதனை நாடு முழுவதும் நிலைப்படுத்தும் 129ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா, 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிடம் சென்றது. அதன்படி, இடையில் கலைந்த அவைக்கு நடக்கும் தேர்தலில் அமையும் புதிய அவை, எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நீடிக்கும். ஒரு மாநிலத்தின் தேர்தலைத் தள்ளிவைக்குமாறு தேர்தல் ஆணையம் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கவும் இடமுண்டு.

செலவு குறையும், ஆட்சிப் பணி தடைபடாது என்பது ஆதரவாளர்களின் வாதம். நாம் கேட்பது வேறு: நிலமற்ற கூலித் தொழிலாளியிடம் ஆள்வோர் எத்தனை முறை பதில் சொல்ல நேரும்?

1967இல் தஞ்சை மாவட்டம் இரு அவைகளுக்கும் ஒருசேர வாக்களித்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுக்கான போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இரு அவைகளுக்குமான அடுத்த பொதுத்தேர்தல் 1971 மார்ச்சில்தான் வந்தது. தேர்தல் முறையே அக்கொடுமைக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. வாக்கைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதோருக்கு அந்த இடைவெளி எத்துணை நீண்டது என்பதையே சுட்டுகிறோம்.

தள்ளிவைப்பின் பொருளையும் இம்மண் அறியும். 2016 மே மாதம், பணப் பட்டுவாடா காரணமாக நிறுத்தப்பட்ட தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தல், நவம்பர் 19 அன்றுதான் நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இப்பகுதியின் ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்றாண்டுகள் தனி அலுவலர்கள் நிருவகித்தனர். இட ஒதுக்கீட்டால் தலித்துகள் அமர்ந்திருந்த தலைவர் நாற்காலிகளும் அக்காலத்தில் வெறுமையாகவே கிடந்தன.

எனவே, எந்தத் தேர்தல் முறை வந்தாலும், தள்ளிவைப்புக்குச் சட்டத்திலேயே காலவரம்பு வேண்டும். ஊராட்சித் தேர்தல் உரிய நாளில் நடந்தாக வேண்டும். மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடுவோர், சேரிகள் இழக்கும் ஆண்டுகளையும் கணக்கில் எழுதட்டும்.