பொழுதும் பணியும்: காவிரிக்கரையில் வேலை நேரத்தின் வரலாறு

ஒரு நாளை அறுபது நாழிகையாக அளந்த தமிழர், அதனைச் சிறுபொழுதுகளாகவும் பகுத்தனர். தொல்காப்பியம் அப்பொழுதுகளை நிலத்தோடும் அகவொழுக்கத்தோடும் பொருத்திக் காட்டுகிறது. உழைப்புக்கு இவ்வளவு, ஓய்வுக்கு இவ்வளவு என்னும் கணக்கு அதில் இல்லை. 'வேலை நேரம்' என்னும் கருத்து மிகப் பிற்காலத்தது. அது வந்த வழியைத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் தெளிவாகக் காட்டுகின்றன.

திருவரங்கக் கோயிலில் பணிகள் முறைவைத்துப் பகிரப்பட்டிருந்தன. ஐந்தாக இருந்த பணியாளர் கொத்துகளை இராமாநுசர் பத்தாக விரித்தார் என்று கோயிலொழுகு கூறும். முறை வந்தவர் பணிபுரிவார். முறை முடிந்தவர் விலகுவார். இதனைக் கொண்டு அக்காலத்திலேயே தொழிலாளர் நலம் பேணப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அது மிகை எனலாம். முறை என்பது பிறப்பால் வந்த உரிமை; உழைப்போன் கேட்டுப் பெற்றதன்று. ஆயினும் ஒருவரே எப்பொழுதும் பணியில் இருத்தல் இயலாது என்னும் அறிவு அவ்வேற்பாட்டில் இருந்தது.

உறையூர் நெசவாளர் இல்லத்தில் இத்தகைய எல்லையே இல்லை. தறி நின்ற இடமே வீடு. ஆடவர் நெய்ய, பெண்டிர் தார் சுற்றினர். உலை கொதிக்கும் நேரமும் இராட்டினம் சுழலும் நேரமும் ஒன்றாகவே கழிந்தன.

சங்கொலியால் பொழுதைப் பிரிக்கும் வழக்கம் இரயில்வேயோடு வந்தது. தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் அமைந்திருந்தும், அதன் பணிமனை நெடுங்காலம் நாகப்பட்டினத்திலேயே இருந்தது. 1920களின் இறுதியில் அது பொன்மலைக்கு மாறியது. இம்மாற்றத்தோடு ஆட்குறைப்பும் திறன் தேர்வும் சேர்ந்து வரவே, 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. 1923இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர் இப்போராட்டத்தின் பொருட்டுச் சிறை சென்றார்.

அந்நாளில் உலக அளவில் நிலவிய அளவுகோல் வேறு, இந்தியாவுக்கு விதிக்கப்பட்ட அளவுகோல் வேறு. 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு நாளொன்றுக்கு 8 மணி, கிழமைக்கு 48 மணி என உடன்படிக்கை செய்தது. அதே உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவுக்குக் கிழமைக்கு 60 மணி என விலக்களித்தது. நம் உடல்கள் மிகுதியாக உழைக்கப் படைக்கப்பட்டவை போலும்! 1931இல் வந்த இரயில்வே வேலைநேர விதிகளும் தொடர்பணியாளருக்கு 60 மணியையே வகுத்தன. அவ்விதிகளிலும் வண்டியோட்டும் பணியாளருக்கு இடமில்லை.

இந்த விடுபாடு சிறிதன்று. பணிமனைத் தொழிலாளிக்குச் சங்கொலித்தால் நாள் முடிந்துவிடும். நீராவி எஞ்சினின் டிரைவருக்கும் பயர்மேனுக்கும் அத்தகைய சங்கு இல்லை. 'கால் பாய்' எனப்பட்ட ஏவலாள் நள்ளிரவிலும் குடியிருப்புக்கு வந்து கதவைத் தட்டுவான்; ஏட்டில் கையொப்பம் பெற்றுச் செல்வான். உறக்கம் கலைவது ஒருவருக்கு மட்டுமன்று. எழுந்து அடுப்பு மூட்டிச் சோறு கட்டிக் கொடுப்பவர் மனைவி. கணவர் திரும்பும் நேரம் அவருக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. சரக்கு வண்டி வழியில் நிறுத்தப்பட்டால் வேலை நீளும். பகலில் அவர் உறங்கும்போது குழந்தைகள் அரவமின்றி நடமாட வேண்டும். சட்டநூல்கள் பேசும் 'பணி நேரம்' இவ்வளவையும் கணக்கிட்டதில்லை.

1946 செப்டம்பர் 5ஆம் நாள், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், பொன்மலைச் சங்கத் திடலில் மலபார் சிறப்புக் காவல் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். விடுதலைக்கு ஓராண்டே எஞ்சியிருந்த காலம் அது. 1947இல் நீதிபதி ராஜாத்யக்ஷா அளித்த தீர்ப்பு, தொடர்பணியாளரின் வேலை நேரத்தைக் கிழமைக்கு 54 மணியாகக் குறைத்ததோடு, வண்டியோட்டிகளையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. பணிமனைகள், ஆலைகளைப் பொறுத்தவரை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 48 மணியை உறுதிசெய்தது. வண்டியோட்டிகளோ 1973இல் மீண்டும் போராடியே பத்து மணிநேரப் பணி என்னும் வாக்குறுதியைப் பெற்றனர். மறு ஆண்டு மே மாதத்தில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது.

தொழிற்சாலைச் சட்டம் பெண்களையும் எண்ணிப் பார்த்தது. 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அவ்வெண் 30 ஆயிற்று. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அளித்த 12 கிழமை விடுப்பு, 2017இல் 26 கிழமையாக உயர்ந்தது. இச்சட்டங்களின் பயன் பெரிது. ஆனால் திருவரங்கத்தில் கோலமிட்டு, சமைத்து, முதியோருக்கு மருந்து கொடுத்து, முதலாம் எண் பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடந்து அலுவலகம் செல்லும் பெண்ணின் நாள் எப்போது தொடங்குகிறது? வருகைப் பதிவேடு பத்து மணி என்கிறது. அவர் அதற்குள் ஐந்து மணி நேரம் உழைத்திருப்பார். மாலையில் திரும்பும் பேருந்திலேயே காய்கறி ஆய்வோரும் உண்டு. உறையூர்த் தறிவீட்டில் கலந்திருந்த இரு வேலைகளும் இங்கே பிரிந்தன. இரண்டும் ஒருவரிடமே தங்கிவிட்டன.

பெற்ற எட்டு மணியும் நிலையானதாக இல்லை. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடந்தரும் சட்டத்திருத்த முன்வரைவு தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. பத்தாம் நாள், அதாவது மே நாளன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன.