எருக்கின் மடியில் ஒரு வரலாறு

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயலருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கொற்கையின் முத்தை எழுதுவர். ஆதிச்சநல்லூரின் தாழிகளை எழுதுவர். அக்கரையிலேயே தலைமுறை தலைமுறையாகச் சிறகடித்து வரும் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கும் வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

மேலப்பாளையத்தை ஒட்டி ஓடும் பாளையங்கால்வாயின் கரையிலும், ஊர்ப் புறம்போக்குகளிலும் எருக்கஞ்செடியைக் காணாதார் இலர். அதன் பால் கண்ணில் பட்டால் கேடு என்று பிள்ளைகளை விலக்கி வைக்கிறோம். பாழ்பட்ட வீட்டை 'எருக்கு முளைத்த வீடு' என்கிறோம். சங்கத் தலைவனும் ஊரார் பழிக்கு அஞ்சாது மடலேறத் துணிந்தபோதுதான் எருக்கங்கண்ணி சூடினான். இவ்வாறு நாம் ஒதுக்கிய செடியைத்தான் வெந்தய வரியன் தன் குலத்தின் தொட்டிலாகத் தேர்ந்துகொண்டது.

மஞ்சட்செம்மை நிறச் சிறகும், கறுத்த ஓரத்தில் வெண்புள்ளிகளும் கொண்ட இப்பூச்சி, எருக்கிலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிவரும் புழு, இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுப் பின்னரே இலையைத் தின்னும். செடியின் நஞ்சு அதன் உடலில் தங்கிவிடுகிறது. ஒருமுறை இதைத் தின்று குமட்டிய பறவை மறுமுறை இதனை அணுகாது. ஆகவேதான் இது அஞ்சாமல், அவசரமின்றிப் பறக்கிறது. நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண்பூச்சி இதன் உருவத்தைப் பூண்டு பிழைக்கிறது என்றால், இதன் பெயருக்குப் பறவையுலகில் உள்ள மதிப்பை என்னென்பது!

இதன் பழமை வியப்புக்குரியது. எகிப்தில் நெபாமுன் என்பாரின் கல்லறைக்காகச் சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நாணற்காட்டின் மேல் பறப்பது இதே வரியன்தான். எருக்கின் உடன்பிறப்பான ஒரு செடியை அரபு மக்கள் 'உஷர்' என்பர்; அரபு நாட்டிலும் இப்பூச்சி அதை அண்டியே வாழ்கிறது. நைல் நதிக்கும் பொருநைக்கும் இடையே கலங்கள் கட்டிய உறவை நாம் அறிவோம். இச்சிறு சிறகும் ஓர் உறவுச் சின்னமே.

1758ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இதன் உறவான நீல வரியனின் பேரினத்துக்கு 1880இல் பிரெடரிக் மூர் இட்ட பெயர் 'திருமலா' என்பது. தென்னாட்டார் செவிக்குப் பழகிய பெயர். நீல வரியனின் புழு கொடிப்பாலையை உண்ணும். வெண்புள்ளிக் கருப்பனின் புழுவுக்கு அரளியும் ஆலும் உணவு. நீல வரியனும் கருப்பனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மலைகளை விட்டுக் கிழக்குச் சமவெளிக்குத் திரள் திரளாக வருவதையும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மீள்வதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 2005இல் கிருஷ்ணமேக் குண்டே இவ்வலசை பற்றி விரிவாக எழுதினார்.

இங்குதான் நாம் சிந்திக்க வேண்டியது இருக்கிறது. ஆங்கிலேயர் இந்த வரியன்களுக்கு 'டைகர்' என்றே பெயரிட்டனர். காட்டுப் புலிக்கு நம் மாவட்டத்தில் காப்பிடம் கிடைத்தது: 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகம் ஆயின. நன்று. ஆயினும் காட்டின் வேலி மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. மலையிலிருந்து இறங்கிவரும் சிறகுகளுக்கு உணவூட்ட வேண்டிய வேலியோரக் கொடியையும் கால்வாய்க்கரைச் செடியையும் காக்க யாருளர்? 'களை' என்று வெட்டி, கரையைச் சிமெண்டால் மூடி, மனை பிரிக்கிறோம். எருக்கு போனால் வெந்தய வரியனின் புழுவுக்கு உணவேது? அந்நியச் செடிகள் மலர்ந்த அழகுத் தோட்டம் தேன் தரலாம். புழுவுக்கு உணவு தருவது அரிது.

பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொல்லையின் ஒரு மூலையில் ஓர் எருக்கும், வேலியில் ஒரு கொடிப்பாலையும் தங்க இடம் கொடுத்தால் போதும். மூவாயிரம் ஆண்டுக்கு அப்பாலிருந்து பறந்து வரும் விருந்தாளிக்கு அவ்வளவு இடமும் தர மறுப்பது, விருந்தோம்பலுக்குப் பேர்பெற்ற பொருநைக் கரையாருக்கு அழகாகுமா?