சிட்டியும் செட்டியும்



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மலாக்கா செட்டிகளைப் பற்றிய இடுபணியைக் கொண்டுவந்தான். அதன் முதல் வரியே என்னைத் திடுக்கிட வைத்தது. செட்டி என்றால் விலங்கின் குட்டி என்று எழுதியிருந்தான்! பிள்ளையைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. மலாக்கா செட்டிகளின் பெயர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'சிட்டி' என்றே எழுதப்படுகிறது. அவ்வெழுத்துகளைக் கொண்டு இணையத்தில் தேடியிருக்கிறான். கிடைத்த விளக்கமும் பொய்யன்று. அது வேறொரு குடும்பத்தின் பெயருக்கு உரியது, அவ்வளவே.

இங்கிலாந்தில் சிட்டி என்னும் பழைய குடும்பப்பெயர் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் விலங்கின் குட்டியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்த பட்டப்பெயர் அது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதற்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில் இத்தகைய பட்டப்பெயர்கள் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர்களாக நிலைத்தன. நரியைக் குறிக்கும் ஃபாக்ஸ், டாட் ஆகியனவும் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் லாம் என்பதும் அவ்வகையினவே. நமக்கு இது வியப்பன்று. தோட்டத்து லயங்களில் நரைத்த பின்னரும் 'குட்டி' என்றே அழைக்கப்பட்டோர் எத்தனை பேர்! நம் நாட்டு வழக்கறிஞர்கள் நன்கறிந்த ஒப்பந்தச் சட்ட நூலை 1826இல் முதன்முதலாக வெளியிட்ட ஜோசப் சிட்டி இந்த ஆங்கிலப் பெயருக்கு உரியவர்.

மலாக்கா செட்டிகளின் பெயரோ வணிகத்தைச் சார்ந்தது. 'சிரேஷ்டி' என்ற வடசொல் பிராகிருதத்தில் 'சேட்டி' எனத் திரிந்து தமிழுக்கு வந்தது என்பர். 1511இல் போர்த்துகீசியர் வருமுன்னரே, சுல்தான்கள் காலத்தில் இங்கு வாணிகம் செய்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்தவர்களின் வழியினர் இவர்கள். பேச்சு மலாய், வழிபாடு சைவம். 1781இல் டச்சுக்காரர் ஆட்சியில் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இவர்களுடையதே. இலங்கையில் 'தமிழ் புளூட்டார்க்' (1859) எழுதிய சைமன் காசிச்செட்டியின் பெயரும் ஆங்கிலத்தில் 'சிட்டி'யாயிற்று. நூலகத்து அகரவரிசையில் அவரும் ஜோசப் சிட்டியும் அருகருகே நிற்கக்கூடும், உறவு ஏதுமில்லை.

பள்ளிப் பதிவேட்டிலும் இதே இடர்தான். ஆங்கில எழுத்தில் காளியும் களியும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைப் பதியும்போது பெயரைத் தமிழிலும் எழுதித் தாருங்கள்.

மாணவன் அவ்வரியைத் திருத்திவிட்டான். ஆயினும் விலங்கை விட அவனுக்கு மனமில்லை. செட்டிகளின் கிராமம் இருக்கும் காஜா பெராங் என்னும் இடத்தின் பெயருக்கு மலாயில் 'சினங்கொண்ட யானை' என்று பொருள் எனச் சேர்த்திருந்தான். அதற்குச் சரியென்று குறியிட்டேன்.