இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒருவர் வாய் திறக்கும்போது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பாலராட், தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். 2015-ஆம் ஆண்டு அங்கே பழைய கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் வேலியில் மக்கள் வண்ண நாடாக்களைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியில் பாதிரியார்களாலும் சகோதரர்களாலும் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு ஊர் தெரிவித்த ஆதரவு அது. "சத்தமிடும் வேலி" என்று அதற்குப் பெயர் வந்தது. நாடா கட்டியவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை, ஆதாரம் கேட்கவில்லை. "உங்களை நம்புகிறோம்" என்பதே அவர்கள் சொன்ன செய்தி.

இந்தச் செய்தி அந்த ஊருக்கு மிகத் தாமதமாகவே வந்தது. ஜெரால்ட் ரிட்ஸ்டேல் என்ற பாதிரியார் பாலராட் மறைமாவட்டத்தில் பங்கு பங்காக மாற்றப்பட்டார். அவர் என்ன செய்கிறார் என்று ஆயருக்குத் தெரிந்த பிறகும் இடமாற்றம் நிற்கவில்லை. 1993-இல் ரிட்ஸ்டேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஒரு துணை ஆயர் அவருக்குத் துணையாக உடன் நடந்து வந்தார். அந்தப் படம் இன்றும் ஆஸ்திரேலியர்களின் நினைவில் இருக்கிறது. குற்றவாளிக்குத் துணை கிடைத்தது, அந்தப் பிள்ளைகளுக்கு யார் துணை என்ற கேள்விதான் பிறகு நாடு முழுவதும் எழுந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2013-இல் பணியைத் தொடங்கி, 2017 டிசம்பரில் 17 தொகுதிகள் கொண்ட இறுதி அறிக்கையை ஒப்படைத்தது. சமய அமைப்புகள் மட்டுமல்லாமல் பள்ளி, விடுதி, விளையாட்டு மன்றம் எல்லாம் அதன் வரம்பில் இருந்தன. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆணையத்தின் தனி அமர்வுகளில் பேசினார்கள். சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. வந்தவர் விரும்பினால் கணவனையோ மனைவியையோ நண்பரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆணையர் எதிரே அமர்ந்து கேட்பார். அவ்வளவுதான். ஆனால் பலருக்கு, அதிகாரத்தில் உள்ள ஒருவர் தங்கள் கதையை முழுதாகக் கேட்டது அதுவே முதல் முறை.

அந்த அமர்வுகளில் தெரிய வந்த ஓர் எண்ணைத் தமிழ்க் குடும்பங்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது. நடந்ததை முதல் முறையாக இன்னொருவரிடம் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். ஆண்கள் பெண்களைவிடக் கூடுதலான காலம் மௌனமாக இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையிடம் முறைப்படி புகார் கொண்டு வந்தவர்களுக்கோ, சம்பவத்துக்கும் புகாருக்கும் இடையே சராசரியாக 33 ஆண்டுகள் கடந்திருந்தன. "உண்மையாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாரா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். தாமதம் பொய்க்கு அடையாளம் அல்ல. இந்த வகைக் காயத்தில் அதுதான் வழக்கம்.

ஏன் இவ்வளவு காலம்? கடவுளின் பிரதிநிதி என்று வீட்டில் அம்மாவும் அப்பாவும் வணங்கிய மனிதர்தான் இதைச் செய்தவர். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர், ஞானஸ்நானம் கொடுத்தவர். சொன்ன பிள்ளை சாமியாரைப் பற்றித் தப்பாகப் பேசியதற்காக அடி வாங்கியதும் உண்டு. சிலருக்கு, இதைக் கடவுளே செய்தது போல மனத்தில் பதிந்துவிடுகிறது. உடம்புக்கு நேர்ந்த கொடுமையோடு, துன்பத்தில் போய் அழக்கூடிய இடமும் பறிபோகிறது. அதனால்தான் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சாம்பிராணி வாசனை பட்டதும் எழுந்து வெளியே போகிறார், உறவினர் திருமணத்துக்குக்கூட ஆலயத்துக்குள் வர மறுக்கிறார். குடும்பம் அதைத் திமிர் என்றோ நாத்திகம் என்றோ எடுத்துக்கொள்கிறது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் வாய் திறந்தால், கேட்பவர் செய்ய வேண்டியது குறைவு. ஆனால் அது எளிதல்ல. முழுக் கதையையும் தோண்டிக் கேட்க வேண்டாம். அவர் சொல்லும் அளவு போதும். "நீ ஏன் ஓடவில்லை?" என்ற கேள்வி மட்டும் வரவே கூடாது. "மன்னித்துவிடு, மறந்துவிடு" என்பதும் அதற்கு இணையான கொடுமை. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் தாமாக, தமக்கு வேண்டிய நேரத்தில் எடுக்கும் முடிவு. வேறு யாரும் அவர் சார்பில் அதைக் கொடுக்க முடியாது. ஜெபம் செய்யலாமா என்று கேட்டுவிட்டுச் செய்யலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். போலீசுக்குப் போவதா, ஆயருக்கு எழுதுவதா, ஆலோசகரைப் பார்ப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், ஏனெனில் முன்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த உரிமைதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. குற்றம் செய்தவர் இன்றும் பிள்ளைகள் மத்தியில் இருந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

கேட்பதோடு மட்டும் ஆதரவு முடிவதில்லை. சட்டமும் வழிவிட வேண்டும். எல்லிஸ் வழக்கில், சிறு வயதில் பீடச் சிறுவனாக இருந்தபோது கொடுமைக்கு ஆளான ஒருவர் சிட்னி பேராயத்தின் மீது வழக்குத் தொடுத்தார். ஆலயச் சொத்துகளை வைத்திருக்கும் அறக்கட்டளையைப் பொறுப்பாக்க முடியாது என்று நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் கூறிவிட்டது. வழக்குப் போட ஆளே இல்லை என்பது போன்ற அந்த நிலையை விக்டோரியா 2018-இல் சட்டம் இயற்றி நீக்கியது. இத்தகைய வழக்குகளுக்கு இருந்த கால வரம்பையும் அது 2015-லேயே எடுத்துவிட்டது.

2018 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய ஆஸ்திரேலிய தேசிய நிவாரணத் திட்டம், நீதிமன்றம் போகாமலே உதவி பெற வழி செய்தது. அதிகபட்சம் 150,000 ஆஸ்திரேலிய டாலர், மனநல ஆலோசனை, விரும்பினால் அந்த அமைப்பின் பொறுப்பாளர் நேரில் கேட்கும் மன்னிப்பு ஆகியவை அதில் அடங்கும். ஆணையம் பரிந்துரைத்த உச்ச வரம்பு 200,000 டாலர். அதை அரசு குறைத்தது பலருக்கு ஆறாத வருத்தம். பணத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு அந்த அமைப்பின் மீது வழக்குப் போட முடியாது. அதனால் முடிவெடுக்க ஆறு மாத அவகாசமும் இலவச சட்ட ஆலோசனையும் தரப்படுகின்றன. இருந்தும், 18 வயதுக்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தத் திட்டம். வளர்ந்த பிறகு, ஆன்மிக ஆலோசனை தேடிப் போன இடத்தில் சிக்கியவர்களுக்கு இதில் இடமில்லை.

அவர்களைப் பற்றித் திருச்சபைச் சட்டம் இப்போது பேசுகிறது. போப் பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட ஆணை, அதிகாரத்தைப் பயன்படுத்திப் பெரியவர்களைப் பாலியல் செயலுக்கு உட்படுத்துவதையும் குற்றமாகச் சேர்த்தது. மறைமாவட்டங்களில் புகார் பெறும் ஏற்பாடு இருக்க வேண்டும், புகார் கொடுத்தவரை மௌனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. இந்த விதி உலகம் முழுவதற்கும் பொதுவானது என்பதால் மலேசிய, சிங்கப்பூர் கத்தோலிக்கர்களும் இதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம். மற்ற சபைகளுக்கு இது பொருந்தாது.

திருச்சபையிடம் புகார் கொடுப்பது போலீஸ் புகாருக்கு மாற்று அல்ல. இரு நாடுகளிலும் குற்றவியல் வழக்குக்குப் பொதுவாகக் கால வரம்பு இல்லை. இழப்பீடு கேட்கும் சிவில் வழக்குக்கு உண்டு, ஆகவே வழக்கறிஞரைச் சீக்கிரம் பார்ப்பது நல்லது. தோட்டப்புறத்திலோ சிறு பட்டணத்திலோ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால், உள்ளூரில் பேசத் தயங்குகிறவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். மலேசியாவில் தாலியான் காசே 15999 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார். அரசு மருத்துவமனைகளில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களைக் கவனிக்கத் தனி நெருக்கடி மையங்கள் உண்டு. சிங்கப்பூரில் அவேர் அமைப்பின் பாலியல் வன்கொடுமை உதவி மையம் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அங்கே 1767 எண்ணை அழைக்கலாம். அழைக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய துணை.