ஆன்மாவும் தேரும்

"ஆன்மா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு உபநிடதம் சொல்லுதே, அப்புறம் எதுக்குத் தோழர் சண்டை?" எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் அந்த உபநிடதத்துக்குள்ளேயே கிடக்கிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர், ஆன்மாவும் பிரம்மமும் வேறல்ல என்று மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கிறார். அதற்கு முந்தைய அத்தியாயமோ, நல்லது செய்தவர் மறுபிறவியில் பார்ப்பனர், சத்திரியர், வைசியர் வயிற்றிலும், கெட்டது செய்தவர் நாய், பன்றி, சண்டாளர் வயிற்றிலும் பிறப்பார்கள் என்கிறது. ஒரே நூல்! அத்வைதம் பேசிய சங்கரரும் தமது பிரம்மசூத்திர உரையில், சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்றுதான் முடித்தார். உடல் சட்டை மாதிரி மாறும், உள்ளே இருப்பது மாறாது என்றால், இன்றைய இழிவு பழைய கணக்காகிவிடுகிறது. பழி நம் தலையில். ஒடுக்கியவன் கை சுத்தம்.

பௌத்தம் இந்தக் கணக்குப் புத்தகத்தையே கேள்வி கேட்டது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று மிலிந்த மன்னனைக் கேட்டார் நாகசேனர். எதுவும் இல்லை, சேர்ந்திருப்பதற்குத்தான் தேர் என்று பெயர். மனிதரும் அப்படியே: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தின் சேர்க்கை. இதில் பிறப்பின் தீட்டு எந்தப் பாகத்தில் ஒட்டியிருக்கிறது? சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாக நாவிதர் உபாலிக்குத் துறவு கொடுத்து, அவர்களை அவர் காலில் விழவைத்தார் புத்தர். தத்துவம் அங்கே நடைமுறையானது.

ஒரு தோழி விடவில்லை: "நம்மள 'நான்'னு சொல்லவே விடல. இப்பத்தான் தலை நிமிர்றோம், அதுக்குள்ள 'நான்' இல்லைன்னா எப்படி?" இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பசிக்கிற, அவமானப்படுகிற, எதிர்த்து நிற்கிற மனிதரை அனாத்மம் மறுக்கவில்லை. பிறப்போடு ஒட்டிய மாறாத சாரம் ஒன்று உண்டு என்பதைத்தான் மறுக்கிறது. சாதிக்குத் தேவை அந்தச் சாரம். நமக்குத் தேவை மாற முடியும் என்பது.

ஆனால் பௌத்தத்துக்குள்ளும் முன்வினை பேசப்பட்டதே? அம்பேத்கர் அதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் ஆன்மாவையும், முற்பிறவி வினை இன்றைய நிலையைத் தீர்மானிக்கிறது என்பதையும் சேர்த்தே மறுத்தார்.

1956 அக்டோபர் 14. நாக்பூரில் லட்சக்கணக்கானோர் ஏற்ற 22 உறுதிமொழிகளில் ஒன்று, இது எனக்கு மறுபிறப்பு என்பது. செத்தபிறகு யாரோ தருகிற பிறப்பல்ல. உயிரோடு இருக்கும்போதே, தானே எடுத்துக்கொண்ட பிறப்பு.