காயலில் இறங்கிய அரபுக் குதிரைகள்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

வ. புதுப்பட்டி மத்ரஸாவில் நாம் அல்ஆதியாத் அத்தியாயத்தை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் அது. ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் அத்தா பெயரோடு இராவுத்தர் என்று வருகிறதே, அதற்கும் குதிரைக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டான். உண்டு என்றோம். இராவுத்தர் என்பதற்குக் குதிரைவீரர் என்பது பொருள். அந்தக் கேள்வி நம்மைப் பாண்டியர் காலத்துக்கு இட்டுச் சென்றது.

தமிழகத்திற்குக் குதிரைகள் கடல்வழியே வந்ததைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அவ்வணிகம் உச்சம் பெற்றது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியிலிருந்த காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் கரைகளின் குதிரைகள் வந்திறங்கின. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் தம் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400 அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கினார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரச கருவூலமே செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு. இவற்றைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார்.

விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் ஊட்டி, காய்ச்சிய பசும்பால் புகட்டி, 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தனர் என்றும், பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி விரட்டி ஓட்டினர் என்றும் வஸ்ஸாஃப் வருந்துகிறார். வலிமைமிக்க குதிரைகளும் சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின. அதே நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கப்பட்டாலும் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்கிறார். உயர்ந்த ஆண், பெண் குதிரைகளை இணைத்தாலும் இங்குப் பிறந்த குட்டிகள் கால் கோணியவையாக இருந்தன என்பதும் அவர் கூற்றே.

அன்பில் குறையில்லை, அறிவில்தான் குறை. மதீனாவில் குதிரைகளைப் பழக்க 'தள்மீர்' என்றொரு முறை இருந்தது. முதலில் நன்கு ஊட்டுவார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க வைத்துத் தசையை இறுக்குவார்கள். அவ்வாறு பழகிய குதிரைகளுக்கு நபி (ஸல்) அவர்கள் ஐந்தாறு மைல் ஓட்டம் வைத்தார்கள். பழகாதவற்றுக்கு ஒரு மைல் மட்டுமே வைத்தார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. தாங்கும் திறனுக்கேற்பவே சுமை என்பது இதில் நாம் பெறும் பாடம். இன்று ஒரே நாளில் 160 கிலோமீட்டர் செல்லும் நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் அரபு இனமே முன்னிற்கிறது. அங்கும் ஓட்டத்தை இடையிடையே நிறுத்தி மருத்துவர் நாடி பார்ப்பார். ஓய்வுக்குப் பின்னும் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 64க்குள் இறங்காவிட்டால், பொதுவாக அக்குதிரை போட்டியிலிருந்து விலக்கப்படும்.

நம்மை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. குதிரைகள் இறந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பதற்காக, லாடம் கட்டிப் பேணத் தெரிந்தவர்கள் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்கள் தடுத்தார்கள் என்று போலோ எழுதுகிறார். இது வெளியூர்ப் பயணி ஒருவரின் கூற்று. ஆயினும் உண்மையாயின், முன்னோர் பெருமை பேசும் நாம் இதற்காக வெட்கப்படவும் வேண்டும். தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்து விற்றவரையே நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஓர் உயிரைக் காக்கும் அறிவை மறைப்பது அதனினும் சிறியதாகுமா?

குதிரை நம் வீட்டில் இல்லை. ஆடும் மாடும் கோழியும் இருக்கின்றன. கடை வைத்திருப்போரும் இருக்கிறோம். வாயற்ற உயிரும் வாங்க வருபவரின் நம்பிக்கையும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். அவற்றைப் பேணும் அறிவையும் நேர்மையையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.